நாலு விளக்கு, ஒரு குரோசிங்

குனோங் ராபாட், ஈப்போ.
16.1.1985

அன்பு மகள் நவமணிக்கு அம்மா எழுதுவது.

லீட்ஸில் பனி முழங்கால் வரை கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். பிள்ளைகளுக்குக் காதை மூடிக் கட்டிவிடு, மாப்பிள்ளைக்கும் சொல். இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பொங்கல் நல்லபடியாகப் பொங்கியது. மலையடியில் கல் உடைக்கிறவர்கள் வெடி வைக்கும்போது மட்டும் அலமாரிக் கண்ணாடி அதிர்கிறது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உன் அப்பா விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார். இந்த வெயிலில் எதற்கு என்று கேட்டால், மகள் அனுப்பியது, போடாமல் வைத்தால் பூச்சி அரிக்கும் என்கிறார்.

இப்போது ஒரு வேலை சொல்கிறேன், சிரிக்காதே. நீ கடைக்குப் போய் பொம்மை ரயில் தண்டவாளம் வாங்கி அனுப்ப வேண்டும்.

அடுத்த வரிசையில் அருளம்பலம் என்று ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்து ஆள். ரயில்வேயில் வரைபடம் போடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். அவர் பெண்சாதி சந்திரமதிதான், 1979 தீபாவளிக்கு நான் முறுக்கு வைத்துக் கொடுத்தனுப்பிய தட்டை இன்னும் திருப்பித் தரவில்லை. நீல விளிம்பு போட்ட தட்டு. அது போகட்டும்.

இந்த நாட்டில் ரயில் ஓடத் தொடங்கி வருகிற ஜூன் மாதத்தோடு நூறு வருஷமாம். தைப்பிங்கில் ரயில்வே பென்ஷன்காரர்கள் ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். பழைய எஸ்டேட் ஸ்டேஷன் ஒன்றைப் பலகை மேல் பொம்மையாகக் கட்டி ரயிலும் ஓட விடுவார்களாம். கட்டுகிறவர் அருளம்பலம். அவர்கள் எடுத்துக்கொண்ட ஸ்டேஷன் எது தெரியுமா? நம் சுங்கை கெலாடி. நீ பிறந்த இடம். இப்போது அங்கே வண்டி நிற்பதும் இல்லை, ஸ்டேஷனும் இல்லை, எண்ணெய் எடுக்கிற செம்பனைதான் நிற்கிறது.

போன வாரம் அருளம்பலம் சுருட்டிய வரைபடத்தோடு வீட்டுக்கு வந்து, உன் அப்பாவின் பெயரைச் சொல்லி, “வேலை செய்த இடமல்லோ, ஐயாவிட்டைக் கேட்டால் எல்லாம் சொல்லுவார்” என்றார். உன் அப்பா வரைபடத்தைத் தலைப்பு வரைக்கும்தான் பார்த்தார். பிறகு வாழைக்கு மண் அணைக்க வேண்டும் என்று பின்பக்கம் போய்விட்டார். ஆகவே நான் உட்கார்ந்தேன். எனக்கு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புதான். ஆனால் எட்டு வருஷம் அந்தத் தண்டவாளத்தைக் காலாலேயே படித்திருக்கிறேன்.

உன் கண்ணில் தெரியும்படி சொல்கிறேன். ஈப்போவிலிருந்து தைப்பிங் போகிற பெரிய லைன் நேராகப் போகிறது. அதன் பக்கத்தில் பிளாட்பாரத்தை ஒட்டி ஒதுங்கு லைன். அது இரண்டு முனையிலும் பெரிய லைனில் சேருகிறது. அப்படி லைன் சேருகிற, பிரிகிற இடம்தான் பாயிண்ட். ஈப்போ முனையில் ஒரு பாயிண்ட், தைப்பிங் முனையில் ஒரு பாயிண்ட். பெரிய லைனுக்கு அந்தப் பக்கம் ரப்பர் ஸ்டோர். ஸ்டோரிலிருந்து வரும் லைன், பெரிய லைனைக் குறுக்கே வெட்டித் தாண்டி, ஒதுங்கு லைனில் போய்ச் சேரும். சேருகிற இடத்தில் மூன்றாவது பாயிண்ட். ஸ்டோர் வாசலில் லைன் இரண்டாகப் பிரியும், அது நாலாவது. குறுக்கே வெட்டுகிற இடம்தான் குரோசிங்.

கடையில் பாயிண்ட் இடக்கை, வலக்கை என்று இரண்டு விதமாக விற்குமாம். லைன் ஒன்றாக இருக்கிற பக்கம் நின்று, பிரிகிற பக்கத்தைப் பார்க்க வேண்டும். இடது பக்கம் பிரிந்தால் இடக்கை, வலது பக்கம் பிரிந்தால் வலக்கை. நமக்கு வேண்டியது அதில் இரண்டு, இதில் இரண்டு. குட்டையானதை வாங்காதே. வளைவு நீளமாக உள்ளதாகப் பார்த்து வாங்கு. குட்டைப் பாயிண்டில் நீள எஞ்சின் தடம் புரளும் என்று அருளம்பலம் சொன்னார். அளவெல்லாம் அவர் தனித் தாளில் இங்கிலீஷில் எழுதி இதனோடு வைத்திருக்கிறார்.

இதுவரை சண்டை இல்லை. குரோசிங்கில்தான் வந்தது.

குரோசிங்கிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்று, குறுக்கே போகலாம், வேண்டுமானால் அங்கேயே அடுத்த லைனுக்குத் திரும்பவும் செய்யலாம். அதற்கு நகருகிற நாக்கு இருக்கும், லீவர் இருக்கும். இன்னொன்று வெறும் பெருக்கல் குறி. இந்தப் பக்கம் ஏறினால் அந்தப் பக்கம்தான் இறங்க வேண்டும். பிரம்மதேவனே வந்து தள்ளினாலும் திரும்பாது. வரைபடத்தில் இருப்பது திரும்புகிற குரோசிங். நான் சொன்னேன், இது தப்பு, அங்கே இருந்தது திரும்பாத குரோசிங் என்று. ஜப்பான்காரன் சயாம் ரயிலுக்கு இரும்பு பிடுங்கியபோது பழையதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். சண்டை முடிந்ததும் கையில் கிடைத்த வெறும் குரோசிங்கைப் போட்டு ஒப்பேற்றினார்கள். வரைபடத்தை யாரும் திருத்தவில்லை. திரும்புகிற குரோசிங்காக இருந்தால் அதற்கும் ராத்திரி விளக்கு வைக்க வேண்டாமா? சுங்கை கெலாடியில் பாயிண்ட் விளக்கு நாலுதான். நாலின் கண்ணாடியையும் சாம்பல் போட்டுத் துலக்கியது இந்தக் கை.

அருளம்பலம் தலையைச் சொறிந்தார். கமிட்டித் தலைவர் வரைபடம்தான் சரி என்கிறாராம். தலைவர் அங்கேயே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர் என்றார். யார் என்று கேட்டேன். துரைசிங்கம் என்றார். நான் காப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டேன்.

நவமணி, நாம் ஏன் ரயில்வே குவாட்டர்ஸை விட்டு வந்தோம் என்று நீ கேட்டபோதெல்லாம் வேலை மாற்றம் என்று சொல்லியிருக்கிறேன். அது பொய். 1956 ஆகஸ்ட் பதினாலு, செவ்வாய்க்கிழமை. ரப்பர் ஏற்றிய ஒற்றை வண்டி ஒன்று தானாக உருண்டு பெரிய லைனுக்குப் போய்விட்டது. தைப்பிங் பக்கமிருந்து வந்த ரயில் அதை இடித்துக் குரோசிங் வரை தள்ளிக்கொண்டு வந்தது. கார்டுக்குக் கால் முறிந்தது. குரோசிங்கும் பெயர்ந்து போனது. மறுநாளே பழைய இரும்பை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். துரைசிங்கம் ரிப்போர்ட் எழுதினார். ஸ்டோரிலிருந்து உருண்ட வண்டி குரோசிங்கில் திரும்பிப் பெரிய லைனுக்குள் போய்விட்டது, அங்கே லீவரைச் சரியாக வைக்காதது பாயிண்ட்ஸ்மேனின் குற்றம் என்று. பாயிண்ட்ஸ்மேன் உன் அப்பா. இல்லாத லீவரை எப்படியம்மா சரியாக வைப்பது?

வண்டி குரோசிங்கில் திரும்ப முடியாது என்றால், அது நேராகத் தாண்டி ஒதுங்கு லைனுக்குத்தான் போயிருக்கும். ஸ்டோர் லைன் தைப்பிங் பக்கம் பார்த்தே சேருவதால், உருண்டு வருகிற வண்டி அங்கிருந்து பெரிய லைனுக்குப் போக ஒரே வழி தைப்பிங் முனைப் பாயிண்ட். அது எப்போதும் பூட்டியிருக்கும். அதன் சாவி ஸ்டேஷன் மாஸ்டர் அறையில்.

ஏழு நாளில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். நாம் எஸ்டேட் லயத்துக்குப் போனோம். உன் அப்பா ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தார். இருபத்தொன்பது வருஷமாக அவர் ரயிலில் ஏறவில்லை. தைப்பிங் போனாலும் பஸ், உன்னைக் கப்பலேற்றப் பினாங்கு வந்தபோதும் பஸ். நீ கவனித்திருக்க மாட்டாய்.

இப்போது என்ன அவசரம் என்று கேட்பாய். கண்காட்சியில் அந்தப் பலகைக்கு முன்னால் ஓர் அட்டை மாட்டப் போகிறார்களாம். 1956 விபத்தின் கதை, மூன்று பாஷையில். உன் அப்பாவின் பெயரோடு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் வந்து படிப்பார்கள்.

அதனால் நீ வாங்க வேண்டியது திரும்பாத குரோசிங். அருளம்பலம் தாளில் இரண்டையும் எழுதியிருக்கிறார், பயந்த மனிதர். இரண்டையும் வாங்கு, பரவாயில்லை. இன்னொன்று. உன் கல்யாண ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பழைய படம் செருகியிருப்பாய். விபத்து நடந்த அதே வருஷம் தைப்பூசத்துக்கு ஈப்போ போகக் காத்திருந்தபோது, கணக்கு எழுதுகிற எஸ்டேட் கிராணி பிடித்தது. நீ பலூன் வெடித்துவிட்டது என்று மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பாய். உன் மூஞ்சியைப் பார்க்காதே. நம் காலுக்குப் பின்னால் தரையில் என்ன இருக்கிறது என்று பார். பார்த்துவிட்டுப் படத்தையும் அனுப்பு.

இந்தக் கடித உறையின் பின்பக்கத்தில் நம் வீட்டு விலாசத்தை வழக்கம்போல் பக்கத்து வீட்டுச் செல்லாயி அக்கா எழுதித் தருவாள். வீடு உன் அப்பா பேரில் இருக்கிறது, தபால்காரன் அந்தப் பேரைத்தான் தேடுவான்.

குளிரில் கவனம். மாரியாத்தா உங்களைக் காப்பாள்.

இப்படிக்கு,
அம்மா முத்தம்மா

* * *

குனோங் ராபாட்.
2.4.1985

அன்பு மகளுக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. ஒன்றும் உடையவில்லை. பாயிண்ட் நாலும் கை மாறாமல் சரியாக வந்திருக்கிறது. கடைக்காரனை நிற்க வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து வாங்கினாய் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து உன் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்தது எதற்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீ யார் மகள் என்பதற்கு.

படமும் வந்தது. அருளம்பலம் பெரிய கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு, “அம்மா, நாக்கு இல்லை. லீவர் இல்லை. நீங்கள் சொன்னதுதான் சரி” என்றார். என் காலுக்குப் பின்னால் சுத்தமாக ஒரு பெருக்கல் குறி. கிராணி வாழ்க. எங்களைப் பாதி வெட்டித் தரையை முழுசாகப் பிடித்திருக்கிறார் என்று அப்போது அவரைத் திட்டினேன்; அந்தத் திட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அருளம்பலம் வீட்டில் கமிட்டி கூடியது. நானும் போனேன், கூப்பிடாமலே. துரைசிங்கத்தை இருபத்தொன்பது வருஷம் கழித்துப் பார்த்தேன். எழுபத்தாறு வயது. தலை முழுக்க வெள்ளை. வேட்டி மடிப்பு மட்டும் அன்றைக்குப் போலவே கத்தி மாதிரி. அருளம்பலம் படத்தைக் காட்டினார். துரைசிங்கம் அதை எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, “படம் பழசு, தெளிவில்லை. ரிக்கார்ட் எண்டால் ரிக்கார்ட். வரைபடத்தில உள்ளபடி செய்யுங்கோ” என்றார். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. தெரியாத மாதிரி இருந்தார்.

அருளம்பலத்தைப் பயந்தவர் என்று போன கடிதத்தில் எழுதினேன். அதையும் வாபஸ் வாங்குகிறேன். அவர் மெதுவாகச் சொன்னார்: “ஐயா, அட்டையில என்ன எழுதுறது எண்டது உங்கட பொறுப்பு. பலகையில எதைப் பதிக்கிறது எண்டது என்ர பொறுப்பு. நான் கண்ணால கண்டதைத்தான் பதிப்பன்.” அன்றைக்கே திரும்பாத குரோசிங்கை எடுத்துச் சின்ன ஆணி நாலு அடித்துவிட்டார். திரும்புகிற குரோசிங் பெட்டியோடு சந்திரமதி அலமாரிக்குப் போனது. அவளும் அன்றைக்குத் தட்டைத் தந்துவிட்டாள். விளிம்பில் ஒரு கீறல், கொடுத்தபோது இல்லை.

ஆனால் அட்டை அப்படியே மாட்டப்படும் என்று துரைசிங்கம் சொல்லிவிட்டுப் போனார்.

உன் கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தாய். அம்மா, விசாரணைக்கு உங்களைக் கூப்பிடவில்லையா, ரயில்வே கேட்டை அடைப்பது நீங்கள்தானே என்று. மூன்று நாள் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் தாளை மடித்து மடித்து வைத்தேன். கூப்பிட்டார்கள்.

தைப்பிங்கில் ஒரு பெரிய அறை. வெள்ளைக்கார துரை, பக்கத்தில் மொழிபெயர்க்க ஓர் ஆள், சுவரோரம் துரைசிங்கம். எல்லாரும் ஆண்கள். விபத்து நடந்த அன்று காலை நான் ரயில்வே கேட்டை அடைத்துவிட்டு நின்றேன். உன் அப்பா ஈப்போ முனையில் கொடியோடு நின்றதை அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன், எங்க வீட்டுக்காரர் நின்றார் என்று. துரை, பெயர் சொல் என்றார். நவமணியின் அப்பா என்றேன். அந்த மொழிபெயர்க்கிறவன், “அதெல்லாம் எழுத முடியாது, ரெண்டு பாயிண்ட்ஸ்மேன் இருக்காங்க, பேரச் சொல்லு” என்றான். எனக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணத்தன்று என் மாமியார் காதோடு சொல்லியிருந்தார், பெண்சாதி பேர் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று. அந்தப் பெயரில் இருக்கிற சாமியின் பாட்டைக்கூட நான் வாய்விட்டுப் பாடியதில்லை. மூன்று தடவை கேட்டார்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். துரை ஏதோ எழுதினார். சாட்சி பதில் சொல்லவில்லை. என்னைப் போகச் சொன்னார்கள். குரோசிங்கில் லீவரே இல்லை என்பதைச் சொல்ல முறையே வரவில்லை.

துரைசிங்கமும் தமிழன்தானே? அவர் பெண்சாதி அன்னபாக்கியம் அவர் பேரைச் சொல்வாளா? ஒரு வார்த்தை துரையிடம் சொல்லியிருக்கலாம், எங்கள் பெண்கள் புருஷன் பேர் சொல்ல மாட்டார்கள் என்று. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குத்தான் நவமணி, ரிப்போர்ட்டுக்குக்கூட இல்லை, அந்த ஜன்னலுக்குத்தான் எனக்கு இத்தனை வருஷக் கோபம்.

 வெளியே வந்ததும் உன் அப்பா பசிக்கிறதா என்று கேட்டார். இரண்டு ரொட்டி வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து இன்றுவரை அதைப் பற்றி அவர் ஒரு சொல் பேசியதில்லை. பேசியிருந்தால் நான் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

பிள்ளைகளைக் கோபத்தில் அடிக்காதே. வைக்கிறேன்.

அம்மா முத்தம்மா

* * *

குனோங் ராபாட்.
4.6.1985

என் தங்க மகள் நவமணிக்கு,

உட்கார்ந்து படி. கையில் டீ இருந்தால் குடித்து முடித்துவிட்டுப் படி.

சனிக்கிழமை தைப்பிங் போனோம். எதில் போனோம் என்று சொல். ரயிலில்! வெள்ளிக்கிழமை மாலை நான் பஸ்ஸுக்கு நேரம் கேட்டு வைத்தேன். உன் அப்பா சட்டையைத் தேய்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், “ரயில் கண்காட்சிக்கு பஸ்ல போனா நல்லாவா இருக்கும்? ஸ்டேஷனுக்குப் போலாம்” என்றார். நான் உடனே என் சேலையையும் தேய்க்க எடுத்துக் கொடுத்தேன். ஏதாவது சொன்னால் மனசு மாறிவிடும். ஈப்போ ஸ்டேஷனில் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் பாயிண்ட் தாண்டுகிற சத்தத்தை வாயால் எண்ணிக்கொண்டே வந்தார். சுங்கை கெலாடி இருந்த இடத்தில் மட்டும் எண்ணவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். நானும் செம்பனையைத்தான் பார்த்தேன்.

தைப்பிங் தைப்பிங்தான். இறங்கும்போதே மழை. நான் துணியில் சுற்றி ஒரு சாமான் கொண்டுபோனேன். நாம் குவாட்டர்ஸை விட்டபோது, பழசு என்று தூக்கிப் போட்டிருந்த பாயிண்ட் விளக்கு ஒன்றை எடுத்து வந்தேனே, நீ அதில் கோழிக்குஞ்சை அடைத்து விளையாடுவாய், அது. சாம்பல் போட்டு இரண்டு நாள் துலக்கினேன்.

பள்ளிக்கூட மண்டபம். நடுவில் பன்னிரண்டு அடிப் பலகையில் சுங்கை கெலாடி. நவமணி, அருளம்பலம் கையை முத்தமிடலாம். குவாட்டர்ஸ் வரிசை, பம்பு, ஸ்டோர் தகரம், நம் வாசல் முருங்கைகூட. நீ வாங்கிய பாயிண்ட் நாலும் சொன்ன இடத்தில் சொன்ன கையோடு. எஞ்சின் அந்த நீள வளைவில் ஏறி இறங்குவது தண்ணீர் ஓடுகிற மாதிரி இருந்தது. நட்ட நடுவில் அந்தக் குரோசிங், நெற்றிப் பொட்டு மாதிரி.

முன்னால் அட்டை. மலாயில், இங்கிலீஷில், தமிழில். ஸ்டோரிலிருந்து உருண்ட வண்டி குரோசிங்கில் பெரிய லைனுக்குத் திரும்பியது, காரணம் பாயிண்ட்ஸ்மேன் இன்னாரின் கவனக்குறைவு. உன் அப்பா அதை ஒரு தடவை படித்தார். சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

பத்து மணிக்கு ரயில்வே பெரிய அதிகாரி ஒருவர் வந்தார், மலாய்க்காரர், நாற்பது வயதுகூட இராது. பின்னால் துரைசிங்கம், கமிட்டி, இருபது முப்பது பேர். அதிகாரி அட்டையைச் சத்தம் போட்டுப் படித்தார். படித்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு, அதைச் செய்து பார்க்கலாம் என்று ஸ்டோர் வாசலில் நின்ற ஒற்றை வண்டியை விரலால் தள்ளினார்.

வண்டி உருண்டது. குரோசிங்கில் ஏறியது. நேராக மறுபக்கம் இறங்கியது. ஒதுங்கு லைனில் போய் நின்றது.

அதிகாரி அட்டையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். எடுத்து வைத்து மறுபடியும் தள்ளினார். மறுபடியும் ஒதுங்கு லைன். பலமாகத் தள்ளினார். மெதுவாகத் தள்ளினார். கூட்டத்தில் பத்துமலை என்கிற பழைய டிரைவர் ஒருவர், “அட்டையப் படிச்சுக் காட்டுங்க சார், வண்டிக்கு எழுத்துத் தெரியாது லா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். துரைசிங்கம் சிரிக்கவில்லை. அதிகாரி அருளம்பலத்திடம் பலகை தப்பா, அட்டை தப்பா என்று கேட்டார். அருளம்பலம் சட்டைப் பையிலிருந்து நம் படத்தை எடுத்து நீட்டினார். பிறகு என்னைக் கைகாட்டினார்.

 போனேன். விளக்கைத் துணி பிரித்துப் பலகை ஓரத்தில் வைத்தேன். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். பாயிண்ட் நாலு, விளக்கு நாலு, குரோசிங்குக்கு விளக்கு இல்லை, ஏனென்றால் அங்கே லீவர் இல்லை. வண்டி ஒதுங்கு லைனுக்குத்தான் போகும். அங்கிருந்து வெளியே போக ஒரே வழி இது என்று தைப்பிங் முனையைத் தொட்டுக் காட்டினேன். இது பூட்டியிருக்கும். சாவி பாயிண்ட்ஸ்மேனிடம் இல்லை. அந்த நேரம் பாயிண்ட்ஸ்மேன் இதோ இந்த ஈப்போ முனையில் நின்றார், அரை மணி நேரம், நான் இந்தக் கேட்டிலிருந்து பார்த்தேன் என்றேன்.

அந்த அதிகாரி நல்ல பிள்ளை. மரியாதையாகத்தான் கேட்டார். “சியாப்பா நாமாஞா, மாச்சிக்?” அவர் பெயர் என்னம்மா என்று.

அதே கேள்வி. அதே ஊர். சுவரோரம் உன் அப்பா நின்றார். எதிரே துரைசிங்கம் நின்றார். இந்தத் தடவை ஜன்னலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். முந்தானை என் கையில்தான் இருந்தது. அதை இடுப்பில் செருகினேன்.

ராமையா என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். கடைசி வரிசைக்குக் கேட்டதோ இல்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன். ராமையா. என் புருஷன். அதோ நிற்கிறார் என்றேன்.

 துரைசிங்கம் பலகைக்குப் பக்கத்தில் வந்தார். வண்டியை எடுத்து ஸ்டோர் வாசலில் வைத்து, தன் கையாலேயே ஒரு தடவை தள்ளினார். அது எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாதா? போய் நின்றதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சாவி என்ர மேசையில கிடந்தது. லாச்சியில பூட்டி வைக்கேல்லை. ஆர் எடுத்துத் திறந்ததெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. ஆனா ராமையா இல்லை. அது எனக்கு அண்டைக்கே தெரியும்.”

பிறகு அட்டையைக் கழற்றினார். பின்பக்கம் திருப்பி, அருளம்பலத்தின் பேனாவை வாங்கி, நின்றபடியே இங்கிலீஷில் எழுதினார். அருளம்பலம் கீழே தமிழில் எழுதினார், ஓர் இளைய கிளார்க் மலாயில் எழுதினான். 1956 விபத்துக்குப் பாயிண்ட்ஸ்மேன் ராமையா பொறுப்பல்ல. பாயிண்ட் சாவி ஸ்டேஷன் மாஸ்டர் பொறுப்பில் இருந்தது. கீழே துரைசிங்கம் கையெழுத்து. கண்காட்சி இரண்டு வாரம். அட்டை அப்படியே இருக்கும். முடிந்ததும் அதை உன் அப்பாவிடம் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார் அந்த அதிகாரி. கண்ணாடிச் சட்டம் இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.

துரைசிங்கம் என்னிடம் வந்து கை கூப்பினார். “மன்னிச்சுக் கொள்ளுங்கோ” என்றார். உன் அப்பா உடனே அவர் கையைப் பிடித்துக்கொண்டார், அவர் அப்படித்தான். நான், யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இருபத்தொன்பது வருஷம் அவர் எடுத்துக்கொண்டார். எனக்கும் கொஞ்சம் நேரம் வேண்டாமா?

அப்புறம் உன் அப்பாவைக் கூப்பிட்டு ஈப்போ முனையில் நிற்க வைத்தார்கள். தீக்குச்சி அளவு லீவர். அவர் அதை இரண்டு விரலால் பிடித்து, முதலில் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், பிறகுதான் தள்ளினார். ரயில் வந்து ஒதுங்கு லைனில் ஏறி நின்றது. மண்டபமே கை தட்டியது. அவர் கொடி பிடிக்கிற மாதிரி ஒரு கையைத் தூக்கி வைத்திருந்தார். தனக்கே தெரியாமல்.

திரும்பி வரும்போது வண்டியில் கூட்டம் இல்லை. கோலகங்சார் தாண்டிய பிறகு என் பக்கம் குனிந்து, “ஏன் முத்தம்மா, பேரச் சொல்லிட்டியே. இனி என் ஆயுசு?” என்றார். அறுபத்தாறு வயசாச்சு, இனிக் குறைய என்ன மிச்சம் இருக்கு, பேசாம வாங்க என்றேன். வெளியே பார்த்துக்கொண்டு சிரித்தார். சிரித்துவிட்டு, கம்பளிச் சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டார். மழையில் நனைந்திருந்தேன்.

நீ இந்த வருஷக் கடைசியில் லீவு போட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. விமானத்தில் பினாங்கு இறங்கு. அங்கிருந்து கார் பிடிக்காதே, அக்கரைக்கு வந்து பட்டர்வொர்த்தில் ரயில் ஏறு. ஈப்போ பிளாட்பாரத்தில் உன் அப்பா நிற்பார். வண்டி உள்ளே வரும்போது பாயிண்ட் தாண்டுகிற சத்தம் கேட்கும். பேரப்பிள்ளைகளை எண்ணச் சொல். எல்லாரும் நூறு வருஷம் நல்லாயிருங்கள்.

செல்லாயி அக்கா நேற்று வந்து, உறையின் பின்பக்கம் எழுதித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திருப்பிப் பார். எழுத்துக் கோணலாக இருக்கும், தமிழில்தான் இருக்கும். இத்தனை வருஷம் எழுதாத பேர், ‘மை’ சரியாக வர இரண்டு உறை வீணாகிவிட்டது. ஆனால் என் கைதான்.

இப்படிக்கு,
ராமையா பெண்சாதி
முத்தம்மா